அங்கன்வாடிக்குப் போகும் பிள்ளைக்கு நாம் என்ன செய்யலாம்?



ஒரு மாலை நேரம். எங்கள் எழுத்தறிவு மையத்துக்கு ஓர் அக்கா வந்தார். கட்டட வேலை பார்க்கிறவர். கையில் சிமெண்டு தூசி கூடப் போகவில்லை. கூடவே நாலு வயசுப் பையன். அவன் முகம் அழுது வீங்கியிருந்தது.

"என்னக்கா, பிள்ளை ஏன் அழுதிருக்கான்?" என்று கேட்டேன்.

"நான்தான் அடிச்சேன் தங்கச்சி. 'அ' எழுதுடான்னா எழுத மாட்டேங்கிறான். பென்சிலைத் தூக்கிப் போடுறான். நோட்டைக் கிழிச்சிட்டான். நான் எழுத்துத் தெரியாம எவ்வளவு கஷ்டப்பட்டேன்! இவனும் அப்படி ஆயிடுவானோன்னு பயமா இருக்கு" என்றார்.

சொல்லும்போதே அவர் கண்ணிலும் தண்ணீர் வந்துவிட்டது.

அந்த அக்கா எழுதப் படிக்கக் கற்று ஒரு வருடம்கூட ஆகவில்லை. தான் கற்றதை உடனே பிள்ளைக்கும் கொடுக்க வேண்டும் என்ற ஆசை. ஆசை நல்ல ஆசைதான். ஆனால் நாலு வயசுப் பிள்ளை எப்படிக் கற்றுக்கொள்ளும் என்பதைக் கொஞ்சம் தெரிந்துகொண்டால் அடியும் வேண்டாம், அழுகையும் வேண்டாம். அதைத்தான் இங்கே பேசப் போகிறோம்.

பிள்ளையின் கை

உங்கள் பிள்ளையின் கையை எடுத்துப் பாருங்கள். எவ்வளவு சின்ன விரல்! மணிக்கட்டு எலும்புகள் இன்னும் முழுதாக முற்றவில்லை. விரல் தசைகளுக்குப் பலம் போதாது. பென்சிலைப் பிடித்து, வளைத்து, சுழித்து எழுத அந்தக் கை இன்னும் தயாராகவில்லை.

அதிலும் நம் 'அ' இருக்கிறதே, அது லேசான எழுத்தா? சுழிக்க வேண்டும், வளைக்க வேண்டும், இழுக்க வேண்டும், நேராகக் கீழே இறக்க வேண்டும். 'இ' அதைவிடக் கஷ்டம். நீங்களே முதன்முதலில் பென்சில் பிடித்த நாளை நினைத்துப் பாருங்கள். மண்வெட்டி பிடித்த கை, மீன் வெட்டிய கை. ஆனாலும் பென்சில் நடுங்கியதா இல்லையா? மையத்தில் உங்களை முதல் நாளே 'அ' முதல் 'ஃ' வரை எழுதச் சொன்னோமா? இல்லை. ட, ப, ம என்று நேர்க்கோட்டு எழுத்தில் ஆரம்பித்தோம். ப, ட, ம் மூன்றும் வந்ததும் 'படம்' என்று படித்தீர்கள். 'மடம்' என்று படித்தீர்கள். ட் சேர்ந்ததும் 'பட்டம்' வந்தது. நமக்கே அந்த வழி என்றால், பிள்ளைக்கு இன்னும் மெதுவான வழிதானே வேண்டும்?

மூன்று, நான்கு வயதில் கைக்கு வேண்டியது வேலை. சப்பாத்தி மாவு பிசையக் கொடுங்கள். சின்னத் துணியைப் பிழியச் சொல்லுங்கள். பட்டாணி உரிக்கட்டும். பூக் கட்டும்போது பூவை இரண்டிரண்டாக எடுத்து வைக்கட்டும். கடற்கரை மணலில் விரலால் கோடு போடட்டும், வட்டம் போடட்டும். இதெல்லாம் விளையாட்டு மாதிரி இருக்கும். ஆனால் பிற்பாடு பென்சில் பிடிக்கப்போகும் விரல்களுக்கு இதுதான் பயிற்சி.

மணல் என்றதும் ஒரு சங்கதி. நம் பழைய திண்ணைப் பள்ளிகளில் பிள்ளைகள் மணலில்தான் எழுதிப் பழகினார்கள். சுமார் 1790-ஆம் ஆண்டு வாக்கில் சென்னையில் ஆண்ட்ரூ பெல் என்று ஒரு பாதிரியார் இருந்தார். எழும்பூரில் படைவீரர்களின் ஆதரவற்ற பிள்ளைகளுக்கான பள்ளியை நடத்தி வந்தார். மலபார்ப் பள்ளிப் பிள்ளைகள் மணலில் எழுதுவதை அவர் பார்த்தார். செலவே இல்லாத இந்த வழியைத் தன் பள்ளியிலும் கொண்டுவந்தார். விஷயம் தெரிந்த பிள்ளை தெரியாத பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கும் முறையையும் அங்கே நடத்திக் காட்டினார். ஊருக்குத் திரும்பிப் போய் 1797-இல் புத்தகமே போட்டார். அதற்கு 'மதராஸ் முறை' என்றே பேர் வந்துவிட்டது. இங்கிலாந்தில் எத்தனையோ ஏழைப் பிள்ளைகள் அந்த முறையில் படித்தார்கள். நாம் மணலை விட்டுவிட்டு நாலு வரி நோட்டைப் பிடித்துக்கொண்டோம்.

இத்தாலி நாட்டில் மரியா மாண்டிசோரி என்று ஒரு டாக்டர் அம்மா. அவரும் விரலில்தான் ஆரம்பித்தார். 1907-இல் ரோம் நகரத்தில் கூலிக்காரக் குடும்பங்கள் வாழும் பகுதியில் சின்னப் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளி தொடங்கினார். தச்சர்கள் மரத்தைத் தேய்ப்பார்களே, அந்த உப்புத்தாளில் எழுத்துகளை வெட்டி அட்டையில் ஒட்டினார். பிள்ளைகள் விரலால் அதைத் தடவிப் பார்ப்பார்கள். கண்ணுக்கு முன்னால் விரல் எழுத்தைப் படித்துவிடும். அந்த அம்மா 1939-இல் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். உலகப் போரினால் பல வருடம் இங்கேயே தங்கிவிட்டார். உங்கள் வீட்டுக்காரர் தச்சு வேலையோ பெயிண்ட் வேலையோ பார்ப்பவரா? மீந்துபோன உப்புத்தாள் துண்டு இருக்கும். உங்கள் பிள்ளை பேரின் முதல் எழுத்தை வெட்டி ஒட்டிக் கொடுங்கள். காசு செலவில்லை.

காதுதான் முதலில் படிக்கும்

சரி, கைக்கு நேரமாகும். அதுவரை என்ன செய்வது? சும்மா இருப்பதா?

சும்மா இருக்க வேண்டியதில்லை. படிப்பு கண்ணில் ஆரம்பிப்பதில்லை. காதில் ஆரம்பிக்கிறது.

எழுத்து என்பது என்ன? ஒலிக்கு நாம் போட்ட படம். 'ம' என்ற படத்தைப் பார்த்தால் 'ம' என்ற ஒலி வர வேண்டும். அந்த ஒலியைத் தனியாகப் பிரித்துக் கேட்கக் காதுக்குத் தெரிந்திருந்தால்தான் படம் மனசில் நிற்கும். 'மரம்' என்று நாம் சொல்கிறோம். சின்னப் பிள்ளைக்கு அது ஒரே சொல், ஒரே மூட்டை. அந்த மூட்டைக்குள்ளே சின்னச் சின்ன ஒலிகள் இருக்கின்றன என்று அதற்குத் தெரியாது. அதைக் காட்ட வேண்டும். எப்படி?

கை தட்டுங்கள். 'கப்–பல்'. இரண்டு தட்டு. 'தேங்–காய்'. இரண்டு தட்டு. 'வா–ழைப்–ப–ழம்'. நாலு தட்டு. பிள்ளையின் பேருக்கு எத்தனை தட்டு? அப்பா பேருக்கு எத்தனை? பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது விளையாடலாம். ஜெட்டியில் கப்பல் வரும்வரை விளையாடலாம்.

பிறகு முதல் ஒலி. "கப்பல், கண்ணாடி, கத்தரிக்காய். எல்லாம் எதுல ஆரம்பிக்குது?" பிள்ளைக்கு முதலில் புரியாது. நீங்களே சொல்லுங்கள், "க! எல்லாம் க-வுல ஆரம்பிக்குது." நாலைந்து நாளில் அது பிடித்துக்கொள்ளும். அப்புறம் கொஞ்சம் கஷ்டப்படுத்துங்கள். "மீன், மீசை, தேங்காய். இதுல எது சேராது?" என்று கேளுங்கள். பிள்ளை தேங்காய் என்று கத்தும்போது பாருங்கள் அதன் சந்தோஷத்தை! கடைசி ஒலிக்கும் வாருங்கள். கல், பல், வில். எல்லாம் எதில் முடிகிறது?

இதற்குப் புத்தகம் தேவையில்லை. பென்சில் தேவையில்லை. சமைத்துக்கொண்டே செய்யலாம். இந்த விளையாட்டு தெரிந்த பிள்ளைக்கு எழுத்து சீக்கிரம் வரும். உலகத்தில் பல நாடுகளில், பல மொழிகளில் ஆராய்ந்து சொன்ன விஷயம் இது. பாட்டி சொன்ன பாட்டும் விடுகதையும் இந்த வேலையைத்தான் செய்து வந்தன. பாட்டி பேர் வைக்கவில்லை, அவ்வளவுதான்.

வீட்டில் தமிழ், அங்கே இந்தி

இப்போது நம் தீவுக்கே உரிய ஒரு கஷ்டத்துக்கு வருவோம்.

அந்தமானில் எத்தனை பாஷை! வங்காளம், இந்தி, தமிழ், தெலுங்கு, மலையாளம், நிக்கோபாரி. 2011 கணக்கெடுப்பில் இங்கே நூற்றில் சுமார் 15 பேர் தமிழைத் தாய்மொழியாகச் சொன்னார்கள். சிலர் பிழைப்புக்கு வந்தவர்கள். சிலர் அரசாங்க வேலைக்கு வந்தவர்கள். 1964-இல் இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட ஒப்பந்தத்துக்குப் பிறகு, இலங்கைத் தோட்டங்களிலிருந்து வந்த குடும்பங்கள் கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் குடியேறின. எப்படி வந்தாலும், கடைத்தெருவுக்குப் போனால் எல்லோருக்கும் பொதுவாக இருப்பது இந்திதான். சில அரசுப் பள்ளிகளில் தமிழ் வழி வகுப்பு இருக்கிறது. ஆனால் எல்லா ஊரிலும் கிடையாது. நிறையப் பிள்ளைகள் இந்தி பேசும் டீச்சரிடம்தான் முதன்முதலில் போய் உட்காருகிறார்கள்.

என் கதையையே சொல்கிறேன். நான் பாலர் வகுப்பில் சேர்ந்தபோது எனக்கு ஒரு வார்த்தை இந்தி தெரியாது. வீட்டில் வாயாடி என்று பேர் எடுத்தவள், வகுப்பில் மூன்று மாதம் வாயே திறக்கவில்லை. ஒருநாள் ஒன்றுக்குப் போக வேண்டும். எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை. அடக்கி அடக்கிப் பார்த்தேன். பாவாடையிலேயே போய்விட்டேன். பிள்ளைகள் சிரித்தார்கள். டீச்சர் என் அம்மாவிடம், "இந்தப் பிள்ளைக்குப் புத்தி கொஞ்சம் மந்தம் போல" என்று சொல்லிவிட்டார். அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. டீச்சர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பிவிட்டார். அன்று ராத்திரி அவர் சாப்பிடவில்லை. எனக்கு இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது.

எனக்குப் புத்தி மந்தம் இல்லை அக்கா. பாஷைதான் தெரியவில்லை. இரண்டும் வேறு வேறு. புது மொழிக்குள் போகும் பிள்ளை சில வாரம், சில மாதம்கூடப் பேசாமல் இருக்கும். அப்போதும் கேட்டுக்கொண்டேதான் இருக்கும். உள்ளே சேர்த்துக்கொண்டே இருக்கும். பிறகு ஒருநாள் திடீரென்று பேசும். அவசரப்படுத்தக் கூடாது. ஆனால் பிள்ளை வீட்டில் தாய்மொழியிலும் பேசவில்லை, பின்னால் இருந்து கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கவில்லை என்றால், காதைப் பரிசோதிக்க வேண்டும். 2013 முதல் பிள்ளைகளின் உடல்நலப் பரிசோதனைக்கு ஓர் அரசுத் திட்டம் உண்டு. டாக்டர் குழு அங்கன்வாடிக்கே வரும். கண், காது, பேச்சு எல்லாம் பார்ப்பார்கள். என்றைக்கு வருவார்கள் என்று அங்கன்வாடி ஊழியரிடம் கேட்டு வையுங்கள். அன்றைக்குப் பிள்ளையை அனுப்பாமல் இருந்துவிடாதீர்கள்.

"அப்படின்னா வீட்டுலயும் இந்தி பேசிடலாமா?" என்று சிலர் கேட்கிறார்கள். நமக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் பிள்ளையோடு பேசினால் என்ன ஆகும்? "வா, சாப்பிடு, தூங்கு, போ." இவ்வளவுதான் பேச வரும். மழை ஏன் பெய்கிறது, கப்பல் ஏன் முழுகவில்லை, தாத்தா ஊரிலிருந்து எப்படி வந்தார்? இதையெல்லாம் அந்த இந்தியில் சொல்ல முடியுமா? தமிழில் சொல்லலாம். மணிக்கணக்கில் சொல்லலாம். பிள்ளைக்கு அறிவு வளர்வது அந்தப் பேச்சில்தான். ஒரு மொழியில் நன்றாகப் பேசி, யோசித்து, ஒலி பிரித்துப் பழகிய பிள்ளை அந்தத் திறமையை அடுத்த மொழிக்கும் எடுத்துக்கொண்டு போகும். 2020-இல் வந்த தேசியக் கல்விக் கொள்கையும், முடிந்த இடத்தில் எல்லாம் குறைந்தது ஐந்தாம் வகுப்பு வரை தாய்மொழியில் சொல்லிக் கொடுக்கலாம் என்றுதான் சொல்கிறது. பள்ளியில் அது நடக்கிறதோ இல்லையோ, வீடு நம் கையில் இருக்கிறது.

இந்தியில் ஓர் இடம் மட்டும் நம் பிள்ளைகளுக்கு வழுக்கும். நமக்கு 'க' ஒன்றுதான். 'கடல்' என்கிறோம், 'தங்கம்' என்கிறோம். இரண்டிலும் ஒலி வேறு, எழுத்து ஒன்றே. இந்தியில் அப்படி இல்லை. 'க' போல ஒலிக்க நாலு எழுத்து உண்டு. இந்தியில் 'கானா' என்றால் சாப்பாடு. 'கானா' என்றால் பாட்டும்தான்! நாம் தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்று போலத் தெரியும். சொல்லும்போது வேறு. சாப்பாட்டுக் கானா சொல்லும்போது உள்ளங்கையை வாய்க்கு முன்னால் வையுங்கள். காற்று வந்து மோதும். பாட்டுக் கானா சொல்லும்போது தொண்டையில் விரலை வையுங்கள். தொடக்கத்திலேயே அதிரும். பிள்ளையோடு சேர்ந்து நீங்களும் செய்து பாருங்கள். அது சாப்பாட்டைக் கேட்டுப் பாட்டு வாங்கினால் சிரித்துக்கொள்ளலாம். திட்ட வேண்டாம்.

வகுப்பில் உட்காரப் பழகுவது

எழுத்து தெரிந்தால் மட்டும் போதுமா? வகுப்பில் இருக்கவும் தெரிய வேண்டும். முதல் மாதத்தில் பிள்ளைகளை அழவைப்பது 'அ, ஆ' இல்லை. செருப்பு மாட்டத் தெரியாது. டிபன் டப்பா திறக்க வராது. ஒன்றுக்குப் போகக் கேட்கத் தெரியாது. அம்மா திரும்பி வருவாளா என்று தெரியாது.

டிபன் டப்பாவை வீட்டிலேயே பத்துத் தடவை திறந்து மூடப் பழக்குங்கள். இறுக்கமான மூடி வேண்டாம். ஜட்டியைத் தானே கழற்றி மாட்டப் பழக்குங்கள். கை கழுவப் பழக்குங்கள். தன் பேர், அப்பா அம்மா பேர், இருக்கும் இடம் சொல்லத் தெரிய வேண்டும். டீச்சர் இந்தி பேசுபவர் என்றால் இரண்டு மூன்று வாக்கியம் மட்டும் சொல்லிக் கொடுங்கள். தண்ணீர் வேண்டும் என்பதற்கு 'பானி சாஹியே'. பாத்ரூம் போக வேண்டும் என்பதற்கு 'பாத்ரூம் ஜானா ஹை'. எனக்கு இந்த ஒரு வாக்கியம் தெரிந்திருந்தால் போதும், அன்றைக்கு அந்த அவமானம் வந்திருக்காது.

ஒரே மூச்சில் இரண்டு வேலை சொல்லிப் பழக்குங்கள். "தட்டை எடுத்துக் கழுவற இடத்துல வச்சிட்டு, சொம்புல தண்ணி கொண்டா." முதலில் ஒன்றை மறந்துவிடும். பரவாயில்லை. டீச்சர் "புத்தகத்தை மூடு, வரிசையில நில்லு" என்று சொல்லும்போது இது கைகொடுக்கும். தாயம், பல்லாங்குழி ஆடும்போது 'உன் முறை, என் முறை' என்று காத்திருக்கப் பழகும். எண்ணவும் பழகும். புளியங்கொட்டை வைத்து எண்ணலாம். மூன்று வயதுக்குக் கீழே உள்ள பிள்ளை பக்கத்தில் இருந்தால் மட்டும் ஜாக்கிரதை. மூக்கில் போட்டுக்கொள்ளும், விழுங்கியும் விடும். நம் கடற்கரைச் சிப்பியும் பவழமும் எண்ணுவதற்கு அழகாகத்தான் இருக்கும். அனுமதி இல்லாமல் எடுத்தால் இங்கே குற்றம். புளியங்கொட்டையே போதும்.

காலையில் விட்டுவிட்டுப் போகும்போது சொல்லாமல் நழுவாதீர்கள். பலர் அப்படித்தான் செய்கிறார்கள். பிள்ளை விளையாடும் நேரம் பார்த்து ஓடிவிடுகிறார்கள். திரும்பிப் பார்த்தால் அம்மா இல்லை. அதற்கு உலகமே இடிந்த மாதிரி. மறுநாள் காலைக் கட்டிக்கொண்டு விடாது. "அம்மா வேலைக்குப் போறேன். சாப்பாடு முடிஞ்சதும் வந்துடுவேன்" என்று சொல்லிவிட்டுப் போங்கள். அழும். அழட்டும். சொன்ன நேரத்துக்கு வந்துவிடுங்கள். அதுதான் முக்கியம்.

அங்கன்வாடி என்ற பேருக்கு என்ன அர்த்தம் தெரியுமா? 'அங்கன்' என்றால் வீட்டு முற்றம். மராட்டிய மண்ணில் தாராபாய் மோடக் என்ற அம்மா, 1940-களில் போர்டி என்ற கிராமத்தில் ஏழைப் பிள்ளைகளுக்காகப் பாலர் பள்ளி தொடங்கினார். ஆதிவாசிப் பிள்ளைகள் பள்ளிக்கு வரவில்லை. அவர் என்ன செய்தார்? பள்ளியை அந்தப் பிள்ளைகளின் முற்றத்துக்கே கொண்டு போனார். விலை கொடுத்து வாங்கும் சாமான் எதுவும் இல்லை. கல், இலை, விதை, மண். அவைதான் பாடப் பொருள்கள். 1975 அக்டோபர் 2-ஆம் தேதி நாடு முழுவதுக்குமான திட்டம் தொடங்கியபோது மையங்களுக்கும் அங்கன்வாடி என்ற பேர்தான் வந்தது. முட்டை, சத்துமாவு வாங்கும் இடம் என்று மட்டும் நினைக்கிறோம். மூன்று முதல் ஆறு வயதுப் பிள்ளைகளுக்கு முன்பருவக் கல்வி தருவதும் அதன் வேலை. "இன்னைக்கு என்ன பாட்டு, என்ன கதை?" என்று ஊழியரைக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. சண்டைக்குப் போக வேண்டாம். கேட்டாலே போதும்.

மெதுவாகப் படிக்கும் அம்மா

"எனக்கே எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். நான் எப்படிப் பிள்ளைக்குப் படிச்சுக் காட்டுறது?" இந்தக் கேள்வியைக் கேட்காத அக்கா எங்கள் மையத்தில் இல்லை.

இதில் ஓர் ஆச்சரியம் இருக்கிறது. மளமளவென்று படிப்பவர்கள் பிள்ளைக்குக் கதை படித்தால், பிள்ளைக்குக் கதை கேட்கும். எழுத்து தெரியாது. நீங்கள் விரலை வைத்து, 'க... ட... ல்... கடல்' என்று கூட்டுகிறீர்களே, அப்போது பிள்ளையின் கண் உங்கள் விரலோடு போகிறது. இடது பக்கமிருந்து வலது பக்கம் போக வேண்டும். வரி முடிந்தால் கீழ் வரிக்கு வர வேண்டும். இந்தக் கறுப்புப் புழுக்களுக்குள் பேச்சு ஒளிந்திருக்கிறது. இதையெல்லாம் நீங்கள் ஒன்றும் சொல்லாமலே அது பார்த்துக்கொள்கிறது. தடுமாறினால் வெட்கப்படாதீர்கள். "இரு, அம்மா திரும்பப் படிக்கிறேன்" என்று சொல்லுங்கள். தப்பு வந்தால் திருத்திக்கொள்ளலாம் என்பதையும் பிள்ளை பார்க்கட்டும்.

ஒரே கதையை இருபது தடவை கேட்கும். சலிக்காமல் படியுங்கள். இருபதாவது தடவை உங்களுக்கும் எழுத்துக் கூட்டாமலே வந்துவிடும்! நடுவில் நிறுத்தி, "அப்புறம் என்ன ஆகும்?" என்று கேளுங்கள். படிக்க வராத பக்கத்தில் படத்தைப் பார்த்து நீங்களே கதை சொல்லுங்கள். யார் கேட்கப் போகிறார்கள்?

புத்தகத்துக்கு எங்கே போவது? நேஷனல் புக் டிரஸ்ட் 'நேரு பால புத்தகாலயம்' என்ற வரிசையில் பிள்ளைகளுக்குக் குறைந்த விலைப் புத்தகம் போடுகிறது. தமிழிலும் உண்டு. ஊரிலிருந்து யாராவது வந்தால் பலகாரத்தோடு ஒரு கதைப் புத்தகமும் வாங்கி வரச் சொல்லுங்கள். போனில் ஸ்டோரிவீவர் என்ற தளத்தில் தமிழ்ப் படக்கதைகள் இலவசமாகக் கிடைக்கின்றன. 2020 ஆகஸ்டில் சென்னையிலிருந்து கடலுக்கடியில் கேபிள் வந்த பிறகு நம் தீவில் நெட் முன்னைவிடப் பரவாயில்லை. ஆனால் போனைப் பிள்ளை கையில் கொடுத்துவிட்டு நீங்கள் வேறு வேலை பார்த்தால் அது கதை படிப்பது ஆகாது. இரண்டு முதல் நாலு வயதுப் பிள்ளைகள் ஒரு நாளில் ஒரு மணி நேரத்துக்கு மேல் திரையின் முன்னால் உட்காரக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்னது. அதற்கும் குறைவாக இருந்தால் இன்னும் நல்லது என்றும் சொன்னது.

புத்தகமே இல்லை என்றாலும் வீட்டில் எழுத்து இருக்கிறது. தேதி கிழிக்கும் காலண்டர் இல்லாத தமிழ் வீடு உண்டா? காலையில் தாளைக் கிழிக்கும் வேலையைப் பிள்ளைக்குக் கொடுங்கள். நடுவில் பெரிய எண். "இன்னைக்கு என்ன தேதி?" கிழித்த தாளின் பின்பக்கம் வெள்ளை. அதில் ஒரு எழுத்தைப் பெரிதாக எழுதிக் கொடுங்கள். பிள்ளையின் பேரில் உள்ள எழுத்தை முதலில் கொடுங்கள். எந்தப் பிள்ளைக்கும் உலகத்திலேயே பிடித்த எழுத்து தன் பேரின் முதல் எழுத்துதான்.

முதலில் சொன்ன அக்காவும் காலண்டரில்தான் ஆரம்பித்தார். நோட்டை எடுத்து மேலே வைத்துவிட்டார். பையனின் பேர் 'ம'-வில் ஆரம்பிக்கும். கிழித்த தாளில் ஒரு 'ம' எழுதிக் கதவில் ஒட்டினார். பையன் மாவில் 'ம' செய்தான். மணலில் 'ம' போட்டான். அரிசி மூட்டையில் 'ம' கண்டுபிடித்துக் கத்தினான். வாசலில் விளையாடும் பிள்ளைகளுக்கெல்லாம் 'ம' காட்டினான். ஒரு மாதத்துக்கு அந்த வீட்டில் வேறு எழுத்தே இல்லை.

சில மாதம் கழிந்தது. அக்காவும் பையனும் கப்பல் டிக்கெட் எடுக்கப் போயிருக்கிறார்கள். சென்னைக்குப் போக வேண்டும். கவுண்டரில் இரண்டு வரிசை. மேலே இந்தியில் போர்டு. அக்காவுக்குத் தமிழ் படிக்க வரும், இந்தி வராது. எப்போதும் போல யாரிடமாவது கேட்கலாம் என்று ஆள் தேடியிருக்கிறார். பையன் போர்டைக் காட்டி, "அம்மா, அது ம" என்றானாம்.

"அது நம்ம ம இல்லடா."

"அது இந்தி ம. மேடம் சொல்லிக் கொடுத்தாங்க. ம-வுல என்னம்மா ஆரம்பிக்கும்?"

அக்கா யோசித்தார். 'மஹிளா' என்றால் இந்தியில் பெண்கள். அது அவருக்குக் காதால் தெரியும். அந்த வரிசையில் போய் நின்றார். சரியான வரிசைதான்.

அன்று மாலை மையத்துக்கு வந்ததும் சிலேட்டை என் முன்னால் நீட்டினார்.

"தங்கச்சி, இந்தி ம எப்படி எழுதுறது? கொஞ்சம் போட்டுக் காட்டு."